காற்றை அளந்து வாயுவின் பிறப்பிடம் அறிதல்

தமிழ் மக்கள் காற்றுக்குப் பெயரிட்ட முறை நுணுகி நோக்கத்தக்கது. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் நம் முன்னோர் வழங்கினர். காற்று எத்திசைக்குப் போகின்றது என்பதை அவர்கள் கருதினாரல்லர். எத்திசையினின்று வருகின்றது என்பதையே கருதினர். காற்றானது தான் கடந்துவந்த இடத்தின் தன்மையைத் தன்னொடு சுமந்து வருவதாகலின், வந்த திசையே அதன் இயல்பை அறிவிக்கும். இக்காலத்து அறிவியலார் வளிமண்டலத்திலுள்ள வாயுக்களை அளந்து அவற்றின் பிறப்பிடங் காணும் முறைக்கும் இக்கருத்தே அடிப்படையாகும். அம்முறையை, யான் பிறந்து வளர்ந்த வடசென்னைக் கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இயன்ற அளவு ஈண்டு விளக்க முயல்வேன்.

திருவொற்றியூரில் எம் வீட்டு மாடியில் நின்று நோக்குவார்க்கு ஒவ்வொரு திசையும் ஒவ்வொரு காட்சியை அளிக்கும். வடக்கே எண்ணூர்க் கழிமுகமும், அதற்கப்பால் அத்திப்பட்டு, வல்லூர் ஆகிய ஊர்களின் அனல்மின் நிலையங்களும் உள்ளன. மேற்கே மணலி, அங்கே 1969-ஆம் ஆண்டு முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடைபெற்று வருகின்றது. தென்மேற்கே கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு. தெற்கே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமும் இராயபுரமும் சென்னைத் துறைமுகமும். கிழக்கே எல்லையற்ற கடல். என் பாட்டியார் எழுத்தறியாதவர். எனினும் விடியற்காலையில் வாயிற்படியில் அமர்ந்தவாறே மூக்கினால் முகர்ந்து, இன்று எத்திசைக் காற்று என்பதைக் கூறிவிடுவார். குப்பை எரியும் நாற்றம் ஒருபுறம், எண்ணெய் நெடி மற்றொருபுறம், மீன் வாடை வேறொருபுறம் என அவர்க்கு ஒவ்வொரு திசைக்கும் ஓர் அடையாளம் உண்டு.

ஆயினும், மூக்கும் கண்ணும் அறியமாட்டாத வாயுக்கள் சில உள. கரியமில வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மீத்தேனும் அத்தன்மையதே. புகைபோக்கியினின்று எழும் கரும்புகை குறைந்துவிட்டது கண்டு, வாயுவும் குறைந்தது என எண்ணுதல் பிழையாகும். புகை என்பது பெரும்பாலும் நுண்துகள்; அதனை வடிகட்டி நிறுத்தலாம். கரியமில வாயுவோ அவ்வடிகட்டிகளைக் கடந்து வெளியேறும். இவ்வாயுக்கள் ஞாயிற்றின் ஒளியை நிலத்துக்கு வரவிட்டு, நிலத்தினின்று மீளும் வெப்பத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பன. கண்ணாடிக் கூரையிட்ட செடி வீட்டில் வெப்பம் தங்குதல் போல்வதாகலின், இவை பசுங்குடில் வாயுக்கள் எனப்படும். ஜான் டிண்டல் என்னும் அறிஞர் 1859-ஆம் ஆண்டில், கரியமில வாயு முதலியன வெப்பக் கதிர்களை உண்ணும் என்பதைச் சோதனையால் காட்டினார். இன்றைய அளவுகருவிகள் பலவும் அப்பண்பையே பயன்படுத்துகின்றன. ஒரு குழாயினுள் காற்றைச் செலுத்தி, அதனூடே அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, எவ்வளவு கதிர் உண்ணப்பட்டது எனக் கண்டால், வாயுவின் அளவு புலனாகும்.

சார்லஸ் கீலிங் என்பார் 1958-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது இவ்வளவீட்டைத் தொடங்கினார். 1959-இல் ஆண்டுச் சராசரி, காற்றின் பத்து இலட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 316 பங்காக இருந்தது. 2024-இல் அது சுமார் 424 பங்காயிற்று. மீத்தேனோ தொழிற்புரட்சிக்கு முன்னிருந்ததினும் இரண்டரை மடங்குக்கு மேற்பட்டுவிட்டது. மீத்தேன் அளவிற் சிறிதாயினும், நூறாண்டுக் கணக்கில் நோக்குமிடத்து, சம எடையுள்ள கரியமில வாயுவினும் சுமார் 28 மடங்கு வெப்பம் விளைப்பது. உலகப் பொது அளவு பெருகியது என்பது இவற்றால் தெளிவு. எவ்விடத்திலிருந்து எவ்வளவு வந்தது என்பதே இனி ஆராயற்பாலது.

இதனை அறிய இரு வழிகள் உள. முதலாவது, கணக்கேட்டு வழி. ஓர் ஆலை எரித்த நிலக்கரி எவ்வளவு, அதிலுள்ள கரி எவ்வளவு என்று எழுதிப் பெருக்குவது. 12 பங்கு எடையுள்ள கரி எரிந்தால் 44 பங்கு எடையுள்ள கரியமில வாயு உண்டாகும். ஆகவே, ஒரு டன் நிலக்கரியில் 400 கிலோ கரி இருந்து, அது முற்றும் எரியின், ஏறத்தாழ 1,467 கிலோ வாயு வெளிவரும். காற்றிலுள்ள பிராணவாயு வந்து சேர்வதால், எரிந்த பொருளினும் எழுந்த வாயு எடையில் மிகுகின்றது. நிலக்கரியைப் பொறுத்தவரை இவ்வழி பெரிதும் நம்பத்தக்கது. நிறுத்து வாங்கிய பொருளாதலின். ஆனால், குப்பைமேட்டுக்கு இது பொருந்துமோ? அங்கே என்ன கொட்டினர், எவ்வளவு மக்கியது, எவ்வளவு எரிந்தது என்பதை எந்த ஏடும் முற்றக் கூறாது.

இரண்டாவது, அளவீட்டு வழி. இதற்கு நம் ஊர்ப்புறத்திலேயே ஒரு சான்று உண்டு. கொடுங்கையூர், பெருங்குடி ஆகிய இரு குப்பைக் கிடங்குகளிலும் ஆராய்ச்சியாளர் மூடிய பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றுள் சேரும் வாயுவை அளந்து, முடிவுகளை 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கொடுங்கையூரில் ஒரு சதுர மீட்டர் பரப்பினின்று ஒரு மணி நேரத்தில் எழுந்த மீத்தேன் 1 முதல் 23.5 மில்லிகிராம் வரையில் இருந்தது, பெருங்குடியிலோ 0.9 முதல் 433 வரையில் வேறுபட்டது. சென்னையின் குப்பையால் 2000-ஆம் ஆண்டில் எழுந்த மீத்தேன் சுமார் 120 டன் என அவர்கள் மதிப்பிட்டனர். உலகப் பொதுச் சூத்திரத்தைக் கொண்டு கணக்கிட்ட தொகையினும் இது குறைவாக இருந்தது. குப்பையினுள் காற்றுப் புகுமாயின் மீத்தேன் குறையும். காற்றின்றி ஆழப் புதையுமாயின் மிகும். இவ்வேறுபாட்டைப் பொதுச் சூத்திரம் முற்றிலும் அறியாது.

எனினும் பெட்டி வைத்து அளத்தலிலும் ஒரு குறையுண்டு. ஒரே கிடங்கில் ஓரிடத்தில் 0.9, மற்றோரிடத்தில் 433 என்றால், பெட்டி வைக்காத இடங்களின் நிலையை எவ்வாறு துணிவது? ஈண்டே காற்று நமக்குத் துணையாகின்றது. கிடங்கு முழுவதிலிருந்தும் எழுந்த வாயுவைக் காற்று ஒன்றாகக் கலந்து, தான் செல்லும் திசையிற் கொண்டுபோகின்றது. ஆதலின், காற்று வரும் பக்கத்தில் ஒரு கருவியும், போகும் பக்கத்தில் ஒரு கருவியும் நிறுத்தி, பின்னதன் அளவினின்று முன்னதன் அளவைக் கழித்தால், இடைப்பட்ட இடம் காற்றிற் சேர்த்த மிகுதி வெளிப்படும். காற்றின் வேகத்தையும், அது எவ்வளவு உயரம் வரை கலந்துள்ளது என்பதையும் அறிந்தால், அம்மிகுதியை எடைக் கணக்காகவும் மாற்றலாம். இதிற் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இரவில் காற்று அடங்கி, நிலத்தையொட்டிய மெல்லிய படலத்துள் வாயு தேங்கும். பகலில் வெயிலால் மேலெழுந்து பரவும். விடியற்காலையில் அளவு மிகுந்திருத்தல் கண்டு, இரவில் ஆலை மிகுதியாக வாயு விட்டது என்று முடிவுகட்டுதல் ஆகாது.

திருவொற்றியூரைப் பொறுத்தவரை, பிற்பகலில் வீசும் கடற்காற்றின் அளவை அடிப்படையாகக் கொள்ளலாம். மேல்காற்றில் அதற்கு மேற்பட்டுக் காணும் மிகுதி மணலிப்புறத்தது. வாடையில் காணும் மிகுதி எண்ணூர்ப்புறத்தது. ஆனால், காலையில் நிலத்தினின்று கடலுக்குச் சென்ற வாயுவே பிற்பகலில் கடற்காற்றோடு மீண்டு வருதலும் கூடும். ஒரு திசையில் பல ஆலைகள் நெருங்கியிருத்தலும் உண்டு. அப்பொழுது திசை மட்டும் போதாது; வாயுவினிடத்தே பிறப்படையாளம் தேடல் வேண்டும்.

அவ்வடையாளம் வாயுவினுள்ளேயே உளது. உயிருள்ள மரஞ்செடிகளின் கரியில் கரி-14 என்னும் ஐசோடோப்பு சிறிதளவு இருக்கும். அது 5,730 ஆண்டுக்கொருமுறை பாதியாகத் தேய்வது. பல கோடி ஆண்டு மண்ணுட் கிடந்த நிலக்கரியிலும் கல்லெண்ணெயிலும் அது முற்றும் அற்றுப்போயிற்று. ஆகவே, விறகு எரிந்த வாயுவையும் நிலக்கரி எரிந்த வாயுவையும் பிரித்தறியலாம். அவ்வாறே, குப்பையில் நுண்ணுயிர்கள் ஆக்கும் மீத்தேனில் கரி-13 குறைந்திருக்கும். எண்ணெய்க் கிணற்று வாயுவில் அத்துணைக் குறைவு இராது. அன்றியும், எண்ணெய் வாயுவோடு ஈத்தேன் என்னும் மற்றொரு வாயுவும் சேர்ந்து வருதல் பெரும்பான்மை. குப்பை மீத்தேனோடு அது வருவதில்லை. ஆதலின், மேல்காற்றில் மீத்தேனும் ஈத்தேனும் ஒருங்கே மிகுமாயின் எண்ணெய் வாயுவின் கசிவையும், தென்மேற்குக் காற்றில் மீத்தேன் மட்டும் மிகுமாயின் குப்பைமேட்டையும் ஐயுறலாம்.

இம்முறையைத் தமிழ்க் கடற்கரையிலேயே கையாண்டதுண்டு. இந்திய, பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கூடி, 2007 முதல் 2011 வரை புதுச்சேரிக் கடற்கரையிலும், இமயத்து லடாக்கிலுள்ள ஹான்லேயிலும், பின்னர் அந்தமானின் போர்ட் பிளேயரிலும் கண்ணாடிக் குடுவைகளில் காற்றை அடைத்து, பிரான்சு நாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அளந்தனர். முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. புதுச்சேரியில் மீத்தேன் தென்மேற்குப் பருவத்தில் குறைந்தும், வடகிழக்குப் பருவத்தில் மிகுந்தும் காணப்பட்டது. முன்னது தென்கோளத்துக் கடல்வெளியைக் கடந்து வருவது. பின்னது மக்களும் கால்நடையும் வயல்களும் நிறைந்த நிலப்பரப்புகளைக் கடந்து வருவது. ஹான்லேயிலோ இதற்கு மாறாக, மழைப் பருவத்திலேயே மீத்தேன் மிகுந்தது. பருவமழை மேகங்கள் சமவெளியின் காற்றை உயரத் தூக்கிச் செல்வதே அதன் காரணம். ஒரே வாயு, ஒரே மாதத்தில், ஓரிடத்துக் குறைந்தும் மற்றோரிடத்து மிகுந்தும் காணப்படுவது காற்றின் வழியை அறிந்தார்க்கே விளங்கும்.

இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கும் ஒரு சான்று கூறுவேன். சி.எப்.சி.-11 என்பது ஓசோன் படலத்தை அழிப்பதும், வெப்பத்தைப் பெருக்குவதுமான வாயு. அதன் உற்பத்தி 2010-ஆம் ஆண்டோடு உலகெங்கும் நிறுத்தப்பட்டிருத்தல் வேண்டும். ஆனால், 2012-க்குப் பின் அது எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்பதை வளிமண்டல அளவீடுகள் 2018-இல் காட்டின. எந்த நாட்டின் கணக்கேடும் அதனை ஒப்புக்கொண்டிலது. கொரியாவின் கோசானிலும் ஜப்பானின் ஹதெருமாவிலும் அளந்த அளவுகளைக் காற்றின் வழியே பின்னோக்கித் தொடர்ந்த அறிஞர், அம்மிகுதியின் பெரும்பகுதி கிழக்குச் சீனத்தின் ஷான்டோங், ஹெபே மாகாணப் பகுதியிலிருந்து வந்தது என 2019-இல் அறிவித்தனர். பின்னர் அது குறைந்துவிட்டதும் அதே கருவிகளால் 2021-இல் உறுதியாயிற்று.

இனி நம் ஊரை நோக்குவோம். மணலி, இராயபுரம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் காற்றின் மாசை அளக்கும் தானியங்கி நிலையங்கள் அமைந்துள்ளமை பாராட்டத்தக்கது. ஆயினும், 2009-இல் நம் நாடு வகுத்த காற்றுத்தர நெறியில் இடம்பெற்ற 12 பொருள்களுள் கரியமில வாயுவும் இல்லை, மீத்தேனும் இல்லை. மூச்சுக்கு உடனே தீங்கு செய்வனவற்றை அந்நெறி நாடியது. அஃது அதன் நோக்கத்துக்கு ஏற்றதே. ஆனால், கடல் நீர் உயர்ந்து கரையை அரிப்பதும், வெப்பம் மிகுவதும் காசிமேட்டு மீனவர்க்கும் எண்ணூர்க் குடிசைவாசிகளுக்கும் முதலிற் சேரும் துன்பங்களாதலின், அவற்றை விளைக்கும் வாயுக்களும் இக்கரையிலேயே அளக்கப்படுதல் நீதியன்றோ?

அளவில்லாத இடத்தில் இரு தீமைகள் நேரும். குற்றமுடையார் ஏட்டைக் காட்டித் தப்புவர். குற்றமில்லாதார் அயலார் பழியைச் சுமப்பர். எம் தெருவில் எந்த நெடி வந்தாலும் எல்லோரும் உயர்ந்த புகைபோக்கியையே சுட்டுவர். சில வேளை அது காரணமாக இராது. காற்றை அளத்தல் இருசாரார்க்கும் பொதுவான சாட்சியாகும். கடலோரத்தில் ஒன்றும், மணலிக்கு இப்பாலும் அப்பாலும் ஒவ்வொன்றும், எண்ணூர்க் கழிமுகத்தருகில் ஒன்றுமாக நான்கு நிலையங்கள் அமையுமாயின், ஓராண்டின் நான்கு காற்றும் தத்தம் செய்தியைத் தாமே கூறும். வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று அவை வந்த திசையால் பெயரிட்ட மக்கள், அவை கொண்டுவருவதையும் அளந்தறிதல் கடமை. அறிவியல் பயிலும் நம் கல்லூரி நண்பர்கள் இதனைக் கருத்திற் கொள்வாராக.