வதந்தியும் யந்திரமும்

பொய்ச் செய்தியைப் பரப்புவது மனிதர் அல்லர், கணினிக்குள் ஒளிந்திருக்கும் தானியங்கிக் கணக்குகளே என்று சொல்லிப் படித்தவர்கள் தம் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திக்கொள்வது இக்காலத்தில் சர்வசாதாரணமாகிவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் உலவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவோ அதற்கு நேர்மாறானது. தானியங்கிகள் மெய்யையும் பொய்யையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தள்ளிவிட்டன. மெய்யைவிடப் பொய் மறுபடி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் மிகுந்திருந்ததற்கு, புதுமையில் மோகங்கொண்ட மனிதர்களே காரணம். யந்திரம் நிரபராதி என்று வாதாட நான் வரவில்லை. அதன் தலையில் நம் பங்கையும் சேர்த்துச் சுமத்துவது நியாயமன்று என்றுதான் சொல்கிறேன்.

பொய்யைப் புனைய அபாரமான தொழில்நுட்ப சாமர்த்தியம் வேண்டும் என்பதும் வீண் பிரமை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்ற வதந்தி வடக்கே கிளம்பியபோது, அதற்குச் சாட்சியமாகக் காட்டப்பட்ட காட்சிகளில் ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களே இரு கோஷ்டியாகப் பிரிந்து போட்டுக்கொண்ட சண்டை. மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்வாசிகளுக்குள் மூண்ட தகராறு. காட்சிகள் அசலானவை, விளக்கம் மட்டுமே பொய். தமிழ்நாட்டின் அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு உடனே மறுத்தும்கூட, பீகார்ச் சட்டசபையில் அமளி உண்டாவதற்கும், அங்கிருந்து அதிகாரிகள் குழுவொன்று தமிழ்நாட்டுக்குப் புறப்பட்டு வந்து விசாரிப்பதற்கும் அந்த விளக்கமே போதுமானதாயிற்று.

ஜனங்கள் பொய்யை நம்பிவிடுவதொன்றே ஜனநாயகத்துக்கு அபாயம் என்ற எண்ணம் பாதிதான் சரி. ஆப்பிரிக்காவிலுள்ள காபோன் நாட்டின் அப்போதைய ஜனாதிபதி அலி போங்கோ, 2018 அக்டோபரில் பக்கவாதத்தால் தாக்குண்டு அயல்நாட்டில் சிகிச்சை பெற்றுவந்தார். அவருடைய தேக நிலையை அரசாங்கம் மறைத்து மறைத்துப் பேசி ஜனங்களின் நம்பிக்கையை இழந்திருந்த வேளையில் வெளியான அவரது புத்தாண்டு உரையை, அது யந்திரம் புனைந்த போலி உருவம் என்றே பலர் சந்தேகித்தனர். 2019 ஜனவரி 7-ஆம் தேதி தலைநகர் லிப்ரவீலின் வானொலி நிலையத்தைக் கைப்பற்றிய சிப்பாய்களும், அவரது ஆளும் தகுதியைச் சந்தேகிக்க அவ்வுரையையே சுட்டிக்காட்டினர். கிளர்ச்சி சில மணி நேரத்தில் அடங்கியது. உரை போலி என்பதோ நிரூபணமாகவேயில்லை. எதையும் போலியாகச் செய்யலாம் என்ற ஞானம் ஊரில் பரவிவிட்டால், மெய்யான ஒலிப்பதிவில் கையும் களவுமாகப் பிடிபட்டவனும் ‘இது என் குரலன்று’ என்று கூசாமல் சொல்லலாம். அவனை நம்ப விரும்புகிறவர்களுக்கு அந்த ஒரு வாக்கியமே போதும்.