வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புவோர் எதை முதலில் முடிக்க வேண்டும்?

துபாயிலோ ரியாத்திலோ பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, இனி ஊரோடு இருந்துவிடலாம் என்று முடிவெடுப்பவரிடம் சொந்தபந்தம் கேட்கும் முதல் கேள்வி வீட்டைப் பற்றியது. இடம் வாங்கியாயிற்றா, கட்டப்போகிறாயா, பிளாட் ஏதாவது பார்த்திருக்கிறாயா? கிராஜுவிட்டி எவ்வளவு வரும், மருத்துவக் காப்பீடு எடுத்தாயிற்றா என்று யாரும் கேட்பதில்லை. அவரும் கடைசி ஆறு மாதத்தை வாட்ஸ்அப்பில் வரும் மனைப் படங்களைப் பார்த்தே கழித்துவிடுகிறார். இந்த வரிசை தலைகீழானது என்பதே என் கட்சி. வரவேண்டிய பணத்துக்கும் சலுகைகளுக்கும் பெரும்பாலும் கெடு உண்டு. தவறவிட்டால் யாரைப் பிடித்தாலும் மீட்க முடியாது. வீடு வாங்குவதற்கு அப்படி ஒரு கெடு கிடையாது. எனவே முதலில் வரவேண்டியவற்றை முடித்துக்கொண்டு, வீட்டு விஷயத்தில் ஒரு வருடத்துக்காவது சுலபமாகக் கைகழுவக்கூடிய ஏற்பாட்டில் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

பணி முடிவுப் பணமான கிராஜுவிட்டியிலிருந்தே தொடங்கலாம். வளைகுடாவில் வேலை பார்த்த இந்தியருக்கு அங்கிருந்து மாத ஓய்வூதியம் வராது. கையில் கிடைக்கும் மொத்தத் தொகை இது ஒன்றுதான். சவூதி சட்டப்படி முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம், அதற்குமேல் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். ஆனால் தானே ராஜினாமா செய்பவருக்கு ஐந்திலிருந்து பத்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். பத்து முடித்தால் முழுத்தொகை. கடைசிச் சம்பளம் 3,000 ரியால் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதரை வருடத்தில் எழுதிக்கொடுத்தால் 14,000 ரியால், இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் 22,500 ரியால். ஊரில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று என்பதற்காக 8,500 ரியாலை விட்டுவிட்டு வருவது சரியா? அமீரகத்தில் கணக்கு வேறு: முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் 30 நாள். படிகள் இதில் சேராது. வேலை முடிந்த 14 நாளுக்குள் நிறுவனம் தந்துவிட வேண்டும். விசா ரத்துக்கான தாளில் ‘எனக்கு வரவேண்டியது எல்லாம் வந்துவிட்டது’ என்ற வாசகம் வழக்கமாக இருக்கும். பணம் கணக்கில் ஏறுவதற்கு முன் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, திருச்சி விமானத்தில் ஏறியபின் மனு எழுதிப் பெரிய பயனில்லை. ஆட்குறைப்பில் வேலை போனவருக்கு அங்குள்ள வேலையிழப்புக் காப்பீடு அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதத்தை மூன்று மாதம் வரை தருகிறது. தொடர்ந்து 12 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும், வேலை போன 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், நாட்டைவிட்டுக் கிளம்பிவிட்டால் கிடைக்காது. கெடு என்று நான் சொல்வது இவற்றைத்தான்.

பலர் கோட்டைவிடுவது மருத்துவக் காப்பீட்டில். நிறுவனம் எடுத்துத் தந்த காப்பீடு விசாவோடு முடிந்துவிடுகிறது. திரும்பும் வயதோ நாற்பத்தைந்து, ஐம்பது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏற்கனவே கூட வந்திருக்கும். இந்தியாவில் புதிதாக பாலிசி எடுத்தால் முன்பே இருந்த நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் இதன் உச்சவரம்பை நான்கு வருடத்திலிருந்து மூன்றாகக் குறைத்தது, அவ்வளவுதான். பாலிசி எடுத்த நாளிலிருந்துதான் இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அங்கே இருக்கும்போதே இங்கே ஒரு பாலிசி எடுத்துப் புதுப்பித்து வந்தால், ஊரில் இறங்கும்போது காத்திருப்பு பாதியாவது கழிந்திருக்கும். இருக்கும் நோயை மறைக்காமல் எழுதிக்கொடுக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; வந்த வேகத்தில் கடையோ வாடகை வருமானமோ ஏற்படுத்திக்கொண்டவருக்கு அது பொருந்தாது. வீட்டில் எழுபது கடந்த பெற்றோர் இருந்தால், வருமான வரம்பு பார்க்காத மத்திய அரசின் ஐந்து லட்சம் ரூபாய் ஆயுஷ்மான் அட்டையை அவர்களுக்கு எடுத்துவிடலாம். அதற்கு மகன் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை.

வங்கிக் கணக்கிலும் வரியிலும் இரண்டு சட்டங்கள் இரண்டு விதமாகப் பேசுகின்றன. நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு வந்து இறங்கியதுமே அந்நியச் செலாவணிச் சட்டம் ஒருவரை உள்நாட்டுவாசியாகப் பார்க்கிறது. வெளிநாட்டுவாசிகளுக்கான என்ஆர்இ கணக்கை மாற்றிவிட வேண்டும், அதன் வட்டிக்கான வரிவிலக்கும் போய்விடும். வருமான வரிச் சட்டமோ நாட்களை எண்ணுகிறது. நெடுநாள் வெளியே இருந்தவருக்குத் திரும்பியபின் பொதுவாக இரண்டு நிதியாண்டு வரை ‘உள்நாட்டுவாசி, ஆனால் சாதாரண உள்நாட்டுவாசி அல்ல’ என்ற இடைநிலை கிடைக்கும். அந்தக் காலத்தில் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ள ஆர்எஃப்சி கணக்கு திறந்தால் அதன் வட்டிக்கும் அதுவரை விலக்கு உண்டு. ஏற்கனவே இருக்கும் எஃப்சிஎன்ஆர் என்ற வெளிநாட்டு நாணய வைப்பை முதிர்வு வரை அப்படியே விட்டுவைக்கலாம். இதெல்லாம் தெரியாமல் மொத்தப் பணத்தையும் ரூபாயாக்கி மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் சலுகை இருந்தும் பயனில்லை. கிளம்பும் மாதமும் முக்கியம். அக்டோபர் முதல் வாரம் கழித்து வருகிறவர், அந்த நிதியாண்டில் அதற்கு முன் விடுப்பில் வராதிருந்தால், 182 நாளைத் தொடமாட்டார். முந்தைய வருடங்களில் வருடம் ஒரு மாத விடுப்பில் மட்டும் வந்துபோனவருக்கு அந்த வருடமும் வெளிநாட்டுவாசி நிலையிலேயே முடியும்.

மாநில அரசிடமிருந்து வரக்கூடியது குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கேரளம் 2008-இல் சட்டம் இயற்றி, சந்தா கட்டிய பிரவாசிகளுக்கு 60 வயதுக்குப் பிறகு மாத ஓய்வூதியம் தருகிறது. தமிழ்நாட்டில் 2011-இல் இயற்றிய சட்டத்தின்கீழ் அயலகத் தமிழர் நல வாரியம் செயல்படத் தொடங்கவே பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அதில் உறுப்பினராக வயது 18 முதல் 55 வரை, முக்கியப் பயன் விபத்துக் காப்பீடு. அதிலும் அயலகத்தில் இருக்கும்போதே சேர்ந்துகொள்வது நல்லது. ஊருக்கு வந்ததும் குடும்ப அட்டையில் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சேர்த்துவிட வேண்டும். பல சான்றிதழ்களுக்கு அதைத்தான் கேட்கிறார்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது வகுத்த விதிகளின்படி, குடும்பத்தில் சொந்த உபயோகத்துக்கு நான்கு சக்கர வாகனம் இருந்தாலோ ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவானாலோ தகுதி இல்லை. ஊர் மெச்ச வாங்கும் பழைய காரும் இரண்டு ஏசியும் மனைவியின் மாதம் ஆயிரம் ரூபாயைக் காவு வாங்கிவிடும். கார் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் விலையோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி வீடு. வழிகள் நான்கு: பூர்வீக வீடு, வாடகை, ஒத்தி, சொந்தமாக வாங்குவது. செலவே இல்லாததுபோல் தெரிவது பூர்வீக வீடு. அப்பா பெயரில் இருக்கும் மனையில் மகன் அனுப்பிய பணத்தில் மாடி எழும்பியிருக்கும். பட்டா, வீட்டுவரி, மின் இணைப்பு எல்லாம் அப்பா பெயரில். அவர் உயில் எழுதாமல் இறந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. பணம் அனுப்பிய ரசீதுகளை வைத்துக்கொண்டு மாடி தனது என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது மிகக் கடினம். தற்காலிகமாகத் தங்க இது நல்ல இடம்தான். ஆனால் அதில் மேலும் ஒரு செங்கல் வைப்பதற்கு முன் தானப் பத்திரமோ, பாகப்பிரிவினையோ, உடன்பிறந்தவர்களின் விடுதலைப் பத்திரமோ பதிவாகிவிட வேண்டும். குடும்பத்துக்குள் செய்யும் இந்தப் பத்திரங்களுக்கு 2023 முதல் முத்திரைத் தீர்வை பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். அப்பா இருக்கும்போதே இதைப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் அவருக்குப் பின் சார்பு நீதிமன்றத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கையில் மொத்தப் பணத்தோடு வருகிறவரை அதிகம் ஈர்ப்பது ஒத்தி. சென்னையில் லீஸ் என்றே சொல்லிவிடுகிறார்கள். பத்து லட்சம் கொடுத்துவிட்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வரும். முழுசாக வருவதால் லாபம் என்ற எண்ணம் பாதிதான் சரி. பத்து லட்சத்தை 7 சதவீத வைப்பில் போட்டால் மாதம் சுமார் 5,800 ரூபாய் வரும். அதே வீட்டின் வாடகை 9,000 என்றால் ஒத்தியில் மிச்சமாவது மாதம் 3,200 ரூபாய். அந்த 3,200 ரூபாய்க்காகப் பத்து லட்சத்தையும் வீட்டுக்காரரின் நாணயத்தை நம்பி வைக்கிறோம். அவர் ஏற்கனவே வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருந்து தவணை தவறினால், வங்கி வீட்டை ஏலம் விடும்போது ஒத்திக்காரர் பின்னால்தான் நிற்க வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி இரண்டு சாட்சி போட்ட ஒத்திக்கு அங்கே மதிப்பில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஒத்தி மட்டுமே வில்லங்கச் சான்றில் ஏறும். எனவே முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்து, மூலப் பத்திரத்தைக் கண்ணால் கண்டு, பதிவுக்கும் வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும் ஒத்திக்குப் போகலாம். பதிவு வேண்டாம், செலவு என்று மழுப்புகிறவரின் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

வாடகையைப் பணம் கரைகிற வழி என்பார்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் உண்மையிலேயே கனமானதுதான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறாக எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் போட வேண்டும். கரைகிற பணம் எவ்வளவு என்று வாங்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீத பதிவுக் கட்டணம். அறுபது லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு இது மட்டுமே 5,40,000 ரூபாய். மாதம் 15,000 ரூபாய் வாடகை வீட்டில் மூன்று வருடம் இருந்துவிடலாம். பிள்ளைகளுக்குப் பள்ளி ஒத்துவரவில்லை, பார்த்த தொழில் ஓடவில்லை, மறுபடி கத்தாருக்கே போகவேண்டி வந்தது என்றால் அந்த ஐந்தரை லட்சத்தை வாங்குபவர் யாரும் திருப்பித் தரமாட்டார். இரண்டு வருடத்துக்குள் விற்றுக் கிடைக்கும் லாபம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து முழு வரிக்கும் உள்ளாகும்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு, அங்கே சம்பளம் இருக்கும்போதே வங்கிக் கடன் கிடைக்கும், திரும்பியபின் வருமானச் சான்று இல்லாமல் யாரும் தரமாட்டார்கள் என்பது. உண்மைதான். ஆனால் சம்பளம் நிற்கப்போகிறது என்று தெரிந்தே இருபது வருடக் கடனில் கையெழுத்திடுகிறவர் தவணையை எதிலிருந்து கட்டுவார்? ஊரில் தொழில் பிடித்து இரண்டு வருடம் வருமான வரிக் கணக்கு காட்டியபின் கிடைக்கும் கடன் சிறியதாக இருந்தாலும் கட்டக்கூடியதாக இருக்கும். விலை ஏறிவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. ஏறலாம், அதற்குள் வைப்பில் இருக்கும் பணமும் கொஞ்சம் வளர்ந்திருக்கும், ஒரு வருடம் அந்தத் தெருவிலேயே குடியிருந்தவருக்கு எந்த மனையில் மழைத் தண்ணீர் நிற்கிறது, எந்த போர்வெல் ஏப்ரலில் வற்றுகிறது என்பதும் தெரிந்திருக்கும். வெளிநாட்டில் சம்பாதித்தவன் வாடகை வீட்டிலா என்ற பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. அது கணக்கில் சேராத செலவு, அவரவர் தாங்கும் அளவு வேறு.

இந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்று நான் ஒப்புக்கொள்வது ஒரே ஒரு சாராருக்கு: பல வருடம் முன்பே தன் பெயரில் மனை வாங்கிப் போட்டவர்கள். அவர்களும் மனை அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பார்க்க வேண்டும். தவணையில் விற்ற பழைய மனைப்பிரிவுகள் பலவற்றுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அனுமதி கிடையாது. 20.10.2016-க்குள் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அந்த ஆணை கையில் இல்லாமல் கட்டட வரைபட அனுமதிக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆணை இருந்து, பட்டாவும் தன் பெயரில் மாறி, கட்டுவதற்கான பணம் கடனில்லாமல் இருந்தால், வந்ததும் வேலையைத் தொடங்கலாம். அப்போதும் கட்டி முடிக்கும் வரை பக்கத்திலேயே ஒரு வாடகை வீடு தேவைப்படும்.