கண்ணுக்குத் துணையாகும் உருப்பெருக்கி விளக்கு

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஊசியில் நூல் கோப்பதும், மருந்துப் புட்டியின் பொடியெழுத்தைப் படிப்பதும் கடினமாகின்றன. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை நெகிழ்வை இழப்பதே காரணம். இதனை ‘வெள்ளெழுத்து’ என்பர். பால்மரம் வெட்டி வந்தபின் தையலோ, கடிகாரப் பழுதோ பார்த்து வருவாய் தேடுவோருக்கு இது பேரிடையூறு. இதற்குத் துணையாகும் சாதனம் ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

வில்லையைத் தேர்ந்தெடுத்தல்

10 செ.மீ. அகலமுள்ள கைப்பிடிப் பூதக்கண்ணாடி ஒன்று வேண்டும். வீட்டினுள் நின்று, தொலைவிலுள்ள மரத்தின் உருவத்தை அதன் வழியே வெள்ளைத்தாளில் விழச் செய்க. உருவம் தலைகீழாகத் தெளிவுறும்போது, வில்லைக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியே குவியத் தூரம். இது 20 செ.மீ. அளவில் இருப்பின் பொருள் ஏறத்தாழ 2 மடங்கு பெரிதாகத் தெரியும். குவியத் தூரம் குறைந்தால் உருவம் மேலும் பெருகும். ஆனால் கையும் கருவியும் நுழைய இடமிராது.

செய்முறை

1. 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள கனமான பலகையின் பின்முனையில், 30 செ.மீ. உயரக் கட்டை ஒன்றைத் திருகாணியால் நிறுத்துக.

2. அதன் உச்சியில் 30 செ.மீ. நீளக் கட்டையொன்றைக் கரமாக இணைக்க. 6 மி.மீ. போல்ட்டும், கையால் முடுக்கக்கூடிய காது வைத்த நட்டும் பயன்படும்.

3. கரத்தின் மறுமுனையில் 10 செ.மீ. கட்டையை அவ்வாறே இணைத்து, அதில் கண்ணாடியின் கைப்பிடியைக் கம்பியால் இறுகக் கட்டுக.

4. ஒவ்வோர் இணைப்பிலும் இரு கட்டைகளுக்கு நடுவே பழைய சைக்கிள் டியூப்பின் துண்டை வைக்க. ரப்பரின் உராய்வே கரத்தைச் சரியவிடாமல் நிறுத்தும்.

5. கைத்தொலைபேசி மின்னேற்றியில் இயங்கும் 5 வோல்ட் எல்.இ.டி. விளக்கை வில்லையின் விளிம்புக்குக் கீழே பொருத்துக. வலக்கையால் வேலை செய்வோர் இடப்புறம் பொருத்தினால் கையின் நிழல் விழாது.

பின்பலகைமேல் ஒரு செங்கல்லை வைத்தால் சாதனம் கவிழாது. வேலைப்பொருள் வில்லைக்குக் கீழே 15 முதல் 18 செ.மீ. தூரத்தில் இருக்கட்டும்.

எச்சரிக்கை

வில்லை வழியே சூரியனை ஒருபோதும் பார்க்கலாகாது. வெயில் படும் சன்னலருகே வில்லையைத் திறந்து வைத்தால், குவியும் ஒளி துணியையும் தாளையும் பற்ற வைக்கும்; மரவீடுகளில் இது பெருந்தீயாகலாம். வேலை முடிந்ததும் துணியால் மூடி வைப்பதைப் பழக்கமாக்குக. வீட்டு மின்கம்பியை வெட்டி இணைக்க முற்படாதீர்.

இச்சாதனம் மூக்குக்கண்ணாடிக்கு ஈடன்று. பார்வை திடீரென மங்கினால் தாமதமின்றி மருத்துவரை நாடுக.