அந்த ஸ்டூலைத் தூக்கி எறி

அன்புள்ள தங்கச்சிக்கு,

செவிலியர் தின மலருக்குக் கங்காரு தாய்ப் பராமரிப்பு (கே.எம்.சி.) பற்றி நீ எழுதிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். குழந்தையின் சூடு, தாய்ப்பால், கிருமித்தொற்று பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாலாம் பக்கத்தில் ஒரு வரி: ‘தாய் ஒத்துழைக்கவில்லை.’ அதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

யார் அந்தத் தாய்? ஒடிசாவிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தவன் மனைவி. சிசேரியன் ஆகி மூன்றாம் நாள். ஒன்றரைக் கிலோ குழந்தையை நெஞ்சில் வைத்துக் கட்டிவிட்டாய். முக்கால் மணி நேரத்தில் உன் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டாள். எதில் உட்கார வைத்தாய் என்று நீ எழுதவில்லை. எனக்குத் தெரியும், சாய்மானம் இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூல். வயிற்றுத் தையலோடு நீ அதில் முக்கால் மணி உட்கார்ந்து பார், ஒத்துழைப்பைப் பற்றி அப்புறம் எழுது.

நாற்காலிப் பேச்சை எடுத்தால் நான் விட மாட்டேன் என்று வார்டில் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 2021-ல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வை நீயே குறிப்பிட்டிருக்கிறாய். டில்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகள், 3,211 எடை குறைந்த குழந்தைகள். பிறந்த கையோடு நெஞ்சில் போட்ட குழந்தைகளிடம் சாவு கால் பங்கு குறைந்தது. சரி. அங்கே நாளுக்குச் சுமார் 17 மணி நேரம் குழந்தை நெஞ்சிலேயே கிடந்ததே, எப்படி? தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்குக் கட்டில் போட்டார்கள். அதை நீ எழுதவில்லை. ஸ்டூல் போட்ட இடத்தில் 17 மணி நேரம் எங்கிருந்து வரும்?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கே.எம்.சி. என்றால் எங்களுக்குக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரிதான். தொப்புள்கொடி வெட்டியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வார்மருக்கு ஓடுவோம். திருவள்ளூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு மார்கழி ராத்திரி, ஒரே வார்மரில் இரண்டு குழந்தைகள் கிடந்தார்கள். மூன்றாவதும் வந்தது. நான் டாக்டரைத் தேடிப் போய் வருவதற்குள் ஆயாம்மா அதைத் தாயின் மாரில் கிடத்தி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, சேலையால் சுற்றிவிட்டிருந்தாள். கத்தினேன். ‘காலைத் தொட்டுப் பாரு சிஸ்டர்’ என்றாள். ஜில்லென்றிருந்த உள்ளங்கால் வெதுவெதுவென்று இருந்தது. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் டாக்டர் எட்கர் ரே தொடங்கியதும் இதைத்தான் என்று பல வருடம் கழித்துப் படித்தேன். ஆயாம்மா எதையும் படிக்கவில்லை. ஆனால் தலையணை வைக்கத் தெரிந்திருந்தது.

இன்னொன்று. ‘கூச்சப்படுகிறார்கள்’ என்கிறாய். ஆண்கள் வந்துபோகும் வழியில், முன்பக்கம் திறக்காத நைட்டியோடு உட்காரவைத்தால் யாருக்குத்தான் கூசாது? ஒரு திரையும், முன்னால் ஜிப் வைத்த நைட்டியும் போதும்.

இவ்வளவு திட்டியும் கட்டுரையை ஏன் பத்திரமாக வைத்திருக்கிறேன் தெரியுமா? கடைசிப் பக்கத்துக்காக. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அந்தத் தகப்பனைக் குளித்து வரச் சொல்லி, அவன் நெஞ்சில் குழந்தையைக் கட்டிவிட்டாயே, என் முப்பது வருட சர்வீஸில் எனக்கு அது தோன்றவேயில்லை. அவன் பேச்சு உனக்குப் புரியாது, உன் பேச்சு அவனுக்குப் புரியாது. இருந்தும் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தான் என்கிறாய். அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது, போ.

அவனை எதில் உட்கார வைத்தாய் என்று மட்டும் எழுதியிருக்கிறாய்: டாக்டரின் சாய்வு நாற்காலி. நாளைக்கு அதை அவன் மனைவிக்குப் போடு. நாலாம் பக்கத்து வரியை அடித்துவிட்டு அச்சுக்குக் கொடு.

அன்புடன்,
உன் அக்கா