சத்தத்துக்கு மலை சரியுமா?

"மனே, மலையடியில நிண்டு சத்தமாக் கதையாத, பனி சரிஞ்சிரும்!" குருக்கள்மடத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி, நோர்வேயின் ட்ரொம்சோவில் இருக்கும் மகனுக்கு வட்ஸ்அப்பில் சொல்லும் புத்திமதி. போன கிழமை மட்டும் இந்தக் கதையை மூன்று பேர் வாயால் கேட்டுவிட்டேன். ஒருவர் விஞ்ஞானம் படிப்பித்தவர், வெட்கக்கேடு!

நானும் பௌதிகம் படிப்பித்தவன், கணக்கோடு சொல்கிறேன். அடித்தொண்டையில் கத்தினாலும் எழும் அழுத்தம் இரண்டு பஸ்கால் அளவுதான். பனிப்படையை உடைக்க அதைப்போல் நூறு மடங்காவது வேண்டும். சுவிற்சர்லாந்தின் டாவோஸ் ஆய்வாளர்கள் 2009இலேயே இதை அலசி, கூச்சலுக்கு அந்த வலு இல்லையென்று எழுதிவிட்டார்கள். சினிமாக்காரர்தான் இன்னும் வாசிக்கவில்லை.

பிறகு எதனால் சரிகிறது? பழைய பனிக்குள் சீனிபோல ஒட்டாத படையொன்று கிடக்கும். கடற்காற்று வாரிக் கொட்டும் பனி அதன்மேல் பாளமாக இறுகும். 30 முதல் 45 பாகைச் சாய்வில் ஒருவர் கால் வைத்தாலே கீழ்ப்படை நொறுங்கிப் பாளம் வழுக்கலாம். நொறுங்கும்போது 'வும்' என்று முழங்குவதுண்டு. விளைவைக் காரணமாக்கி விட்டார்கள் நம்மவர்கள். பனிச்சறுக்குப் போய் மாண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விடயத்தில் சரிவைக் கிளப்பியது அவர்களோ கூடப் போனவர்களோதான். வாயால் அல்ல, உடற்பாரத்தால். கடலோர மலைகளில் இன்னொரு வில்லங்கம், பனிமேல் மழை: பாரம் ஏறும், பிடி தளரும்.

வீட்டுக்குள் இருந்தாலும் தப்பமுடியாத நாட்களுண்டு. 2023 மார்ச் 31இல் வடநோர்வேயில் நால்வர் பனிச்சரிவில் இறந்தார்கள். ரைனோயா தீவில் ஒரு வீடும் தொழுவமும் கடலுக்குள் அள்ளுண்டன.

இன்னும் இரண்டு கதைகள் உண்டு. "பனி பஞ்சுதானே, புதைந்தாலும் கிளறிக்கொண்டு வரலாம்." வரமுடியாது, சரிவு நின்றதும் கொங்கிறீட்டாய் இறுகும். கால் மணித்தியாலத்துக்குள் மற்றவர்கள் தோண்டியெடுக்க வேண்டும். "மரமிருந்தால் பயமில்லை." அடர்காடு காக்கும், ஐதான மரங்கள் காக்கமாட்டா.

மாமி கேட்கவேண்டியது, "மனே, வர்சொம் பார்த்தியா?" என்றுதான். நோர்வேயின் அந்த அரச இணையத்தளம் குளிர்காலத்தில் நாள்தோறும் ஒன்று முதல் ஐந்து வரை அபாயப்படி போடுகிறது. நம் மலைநாட்டு மண்சரிவுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை உண்டு. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்துக்கு 2005இலேயே சொல்லப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே யாரும் கத்தவில்லை, மழை பெய்தது. எழும்பிப் போ என்றால் எங்கே போவார்கள், தோட்டத்து வீடே தொழிலோடு கட்டியதாயிருக்க? எச்சரிக்கை தமிழிலும் அதே நிமிடத்தில் வரட்டும், கூடவே குடியேற ஒரு துண்டுக் காணியும்.