இறைச்சி மாட்டு மந்தைக்கு இனவிருத்தி விலங்குகளைத் தெரிவுசெய்தல்

மாணவர்களே, இனவிருத்திக்கான காளையை எவ்வாறு தெரிவுசெய்வீர்கள் என்று கேட்டால், "பெரிய, கொழுத்த, அழகான காளை" என்று எழுதுவோர் இன்னும் இருக்கிறீர்கள். பெரியது என்பது மட்டும் விடையாகாது. எத்தனை நாட்களில் அந்த நிறையை அடைந்தது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஒரே மந்தையில் ஒரே தீனியுடன் வளர்ந்த இரண்டு நாம்பன் கன்றுகளை எடுத்துக்கொள்வோம். பால்மறக்கச் செய்த நாளில் 'அ' 215 கி.கி., 'ஆ' 185 கி.கி. சந்தையில் நிற்பவர் எவரும் 'அ' வையே பிடிப்பார். ஆனால் 'அ' வின் வயது 240 நாட்கள், பிறப்பு நிறை 35 கி.கி. 'ஆ' வின் வயது 180 நாட்கள், பிறப்பு நிறை 32 கி.கி. வயது வேறுபடுவதால் இரண்டையும் 205 நாளுக்குச் சீராக்கி ஒப்பிட வேண்டும்.

சீராக்கிய நிறை = (பால்மறத்தல் நிறை − பிறப்பு நிறை) ÷ வயது (நாட்களில்) × 205 + பிறப்பு நிறை

'அ': (215 − 35) ÷ 240 × 205 + 35 = 188.75 கி.கி.
'ஆ': (185 − 32) ÷ 180 × 205 + 32 = 206.25 கி.கி.

நாளொன்றுக்கு 'அ' 0.75 கி.கி. கூடியது; 'ஆ' 0.85 கி.கி. கூடியது. கண்ணுக்குச் சிறியதாகத் தெரிந்த 'ஆ' வே சிறந்தது. முதலீற்றுப் பசுவுக்குப் பால் குறைவு என்பதால், அதன் கன்றை மூத்த பசுவின் கன்றோடு ஒப்பிடும்போது அதற்கும் இடம் கொடுக்க வேண்டும். பதிவேடு இல்லாத பண்ணையில் இந்தக் கணக்கைச் செய்யவே முடியாது. பிறந்த திகதியையும் நிறையையும் குறித்து வைக்க ஒரு கொப்பி போதும். அதைத்தான் பலர் வைத்திருப்பதில்லை.

காளையில் ஏன் இவ்வளவு கவனம்? ஒரு பசு பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு கன்றையே ஈனும். ஒரு முதிர்ந்த காளை ஓர் இனவிருத்திப் பருவத்தில் 25 முதல் 30 பசுக்களைச் சினைப்படுத்தும். ஒவ்வொரு கன்றின் பரம்பரை அலகுகளிலும் பாதி அதனுடையவை. பிறக்கும் நாகுகளையே வைத்து மந்தையைப் பெருக்கினால், மூன்றாம் தலைமுறைக் கன்றின் பரம்பரையில் 1/2 + 1/4 + 1/8 = 7/8 பங்கு கடைசி மூன்று காளைகளிலிருந்து வந்ததாகும்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலுள்ள கிங் பண்ணை. இங்கிலாந்தின் சோட்ஹோர்ண் மாடுகள் நல்ல இறைச்சி தருபவை, ஆனால் தென் ரெக்சாசின் வெப்பத்தைத் தாங்கவில்லை. எனவே இந்திய மாடுகளிலிருந்து உருவான, வெப்பத்தையும் உண்ணிகளையும் தாங்கும் பிராமன் இனத்துடன் அவற்றைக் கலந்தனர். 1920 இல் பிறந்த ஒரு சிவப்புக் காளையின் கன்றுகள் சிறந்து விளங்கின. அதன் பெயர் 'மங்கி', அதாவது குரங்கு. (சிரித்தாலும் பெயரை மறக்க மாட்டீர்கள்!) அதன் வழித்தோன்றல்களைக் கொண்டு உருவான சந்தா கேர்ட்ரூடிஸ் இனம் 1940 இல் தனி இனமாக ஏற்கப்பட்டது. ஒரு காளையின் உண்மையான தரம் அதன் கன்றுகளில்தான் வெளிப்படும் என்பதைக் கவனியுங்கள்.

அங்கு நெருங்கிய உறவுள்ள மாடுகளையும் இணைத்தார்கள். மிகப் பெரிய மந்தை என்பதால் குறையுள்ளவற்றைக் கழிக்க முடிந்தது. 20 பசுக்கள் வைத்திருக்கும் விவசாயிக்கு அது இயலாது. தந்தையை மகளுடன் சேர்த்தால் கன்றின் உள்ளினவிருத்திக் குணகம் 25 சதவீதம் ஆகிறது. கருவளம் குறையும், கன்றுகள் நலிவடையும். முதல் நாகுகள் சினைப்படும் வயதை அடையுமுன் காளையை மாற்றுவதே வழி.

காளையின் உடலில் கால்கள், குளம்புகள், விதைப்பை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். நொண்டும் காளை எவ்வளவு நிறையிருந்தாலும் பயனில்லை. சிறிய உடலுள்ள பசுக்களுக்கும் முதலீற்று நாகுகளுக்கும் கனத்த பிறப்பு நிறை கொண்ட காளையைச் சேர்க்கக் கூடாது. ஈனும்போது கன்றோடு தாயையும் இழக்க நேரிடலாம்.

பசுவில் முக்கியமானது ஆண்டுதோறும் ஈன்று, கன்றை உயிரோடு வளர்த்தெடுப்பது. சினைக்காலம் ஏறத்தாழ 283 நாட்கள் என்பதால், ஈன்று 80 நாட்களுக்குள் மீண்டும் சினைப்பட்டால்தான் ஆண்டுக்கொரு கன்று கிடைக்கும். நல்ல மடி, சாந்த குணம் என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம்பன் கன்றுடன் இரட்டையாகப் பிறந்த நாகைத் தவிர்த்துவிடுங்கள். அத்தகையவற்றுள் பத்தில் ஒன்பது அளவில் மலடாகும்.

பயிற்சி வினா

18 பசுக்களைக் கொண்ட மந்தையொன்றில் இரண்டு நாம்பன் கன்றுகள் உள்ளன.
'இ': பிறப்பு நிறை 30 கி.கி., 200 ஆம் நாளில் 190 கி.கி.
'ஈ': பிறப்பு நிறை 34 கி.கி., 250 ஆம் நாளில் 209 கி.கி.
'இ' இதே மந்தைக் காளையின் மகன். மந்தையின் நாகுகளில் பாதி அதே காளையின் மகள்கள். 'ஈ' வெளியிலிருந்து சினையாக வாங்கிய பசுவுக்குப் பிறந்தது.

(1) இரண்டினதும் 205 நாள் சீராக்கிய நிறைகளைக் கணிக்குக.
(2) இந்த மந்தைக்கு எதை வைத்துக்கொள்வீர், எதை விற்பீர்? இரண்டையும் விற்று வேறு காளை வாங்குவீரா? காரணம் தருக.