மூன்றாம் மணி

நுழையும்முன்

பிறந்த ஊரை விட்டு வேற்றுமொழி வழங்கும் நகரத்தில் குடியேறியோர் அந்நகரத்தைத் தம் ஊராக எப்போது உணர்கின்றனர்? வீடும் வேலையும் கிடைத்த உடனேயா? அவ்வூர் மக்களோடு சேர்ந்து சிரிக்கவும் கண்கலங்கவும் பழகிய பின்னரா? மும்பையில் வாழும் ஒரு தமிழ் இணையரின் மாலைப்பொழுதுகளைக் கூறும் இப்பாடத்தைப் படித்து விடை காண்போம்.

சனிக்கிழமை மாலைகள்

மும்பை மாநகரின் மாட்டுங்கா பகுதியில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அங்குள்ள பழைய குடியிருப்பு ஒன்றில் முதிய இணையர் இருவர் உள்ளனர். குடியிருப்பின் பிள்ளைகள் அவர்களைத் ‘தாத்தா’ என்றும் ‘ஆச்சி’ என்றும் அழைப்பர். நாமும் அவ்வாறே அழைப்போம்.

தாத்தா 1974ஆம் ஆண்டு திருநெல்வேலியிலிருந்து அந்நகரத்திற்கு வந்தார். அன்று அதன் பெயர் பம்பாய். இரயில்வே பணிமனையில் அவருக்கு வேலை. மறு ஆண்டு திருமணம் முடிந்து ஆச்சியும் வந்து சேர்ந்தார். வீடோ ஓர் அறை, ஊதியமோ அளவானது. ஆயினும் வீட்டுச் செலவைக் குறிக்கும் ஏட்டில் வாடகை, அரிசி, பருப்பு ஆகியவற்றின் கீழே ‘கச்சேரி’ என ஒரு வரியைத் தாத்தா மாதந்தோறும் எழுதுவார். அவ்வரிக்கு ஒதுக்கிய பணத்தை அவர்கள் வேறு எதற்கும் செலவிட்டதில்லை.

அப்பணத்தைக் கொண்டு கிங்ஸ் சர்க்கிள் தொடர்வண்டி நிலையத்திற்கு அருகிலுள்ள சண்முகானந்தா அரங்கத்திற்கு இருவரும் செல்வர். 1952இல் தொடங்கப்பட்ட சண்முகானந்தா சபாவின் அரங்கம் அது, 1963இல் எழுப்பப்பட்டது. 2,500க்கும் மேற்பட்டோர் அமரக்கூடியது. மாடியின் கடைசி வரிசைகளுக்கான நுழைவுச்சீட்டுகளையே அவர்களால் வாங்க முடிந்தது. அங்கிருந்து பாடகரின் முகம் தெளிவாகத் தெரியாது. குரல் மட்டும் குறையாமல் வந்து சேரும். கருநாடக இசை, பரதநாட்டியம், சென்னைக் குழுக்களின் தமிழ் நாடகங்கள் எனப் பலவற்றையும் அங்கே கண்டு களித்தனர். கடையிலும் பேருந்திலும் அயல்மொழிகளில் தடுமாறிய ஆச்சிக்கு, அம்மூன்று மணி நேரமும் ஊருக்குப் போய்வந்தது போல் இருக்கும்.

எரிந்த அரங்கம்

1990இல் அவ்வரங்கம் தீக்கிரையாயிற்று. அது மீண்டும் எழ எட்டு ஆண்டுகள் ஆயின. தாத்தாவின் ஏட்டில் ‘கச்சேரி’ என்னும் வரி இல்லாமற்போயிற்று. சனிக்கிழமை மாலைகளில் இருவரும் வீட்டிலேயே இருந்தனர். வானொலி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அடுத்த வீட்டு மராத்தியப் பெண்மணி ஆச்சியிடம், “உங்கள் இசை எனக்குப் புரியாது. ஆனாலும் உங்கள் வானொலி பாடும்போது வாயிலில் நின்று கேட்டுவிட்டுத்தான் செல்கிறேன். நீங்கள் ஒருமுறை எங்கள் நாடகத்திற்கு வாருங்களேன்” என்று இந்தியில் கூறினார்.

தாத்தா தயங்கினார். “புரியாத மொழியில் நாடகம் பார்த்து என்ன பயன்? அப்பணத்தைச் சேர்த்து வைத்தால் ஊருக்கு ஒருமுறை கூடுதலாகப் போய்வரலாம்” என்றார்.

“நாம் இந்த ஊருக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்கு அழுகிறார்கள் என்றுகூட நமக்குத் தெரியவில்லை. நீங்கள் வராவிட்டால் நான் அவரோடு போய்வருகிறேன்” என்றார் ஆச்சி.

தாத்தாவும் உடன் சென்றார்.

சிரிக்காத இருவர்

மாட்டுங்காவை அடுத்த தாதரில் ‘சிவாஜி மந்திர்’ என்னும் நாடக அரங்கம் உள்ளது. மராத்தி நாடகத்தில் மூன்று முறை மணி ஒலிப்பது வழக்கம். முதல் மணி ஒலித்ததும் வெளியே நிற்போர் உள்ளே வருவர். இரண்டாம் மணி ஒலித்ததும் இருக்கைகளில் அமர்வர். மூன்றாம் மணிக்குப் பின் பேச்சு அடங்கும், விளக்குகள் அணையும், திரை விலகும்.

அன்று நடந்தது நகைச்சுவை நாடகம். அரங்கமே குலுங்கிச் சிரித்தது. தாத்தாவும் ஆச்சியும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். வீடு திரும்பும் வழியில், “நம்மைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்” என்றார் தாத்தா.

“அதனால்தான் மறுபடியும் வர வேண்டும்” என்றார் ஆச்சி.

அதன்பின் ஆச்சி மராத்தி எழுத்துகளைக் கற்கத் தொடங்கினார். செய்தித்தாளில் வரும் நாடக விளம்பரங்களே அவருக்குப் பாடநூல். நாடகத்திற்குப் புறப்படும் முன் அதன் கதையை அடுத்த வீட்டுப் பெண்மணியிடம் கேட்டு அறிந்துகொள்வார். நாடகம் நடக்கும்போது ஒரு சொல்லும் பேசமாட்டார். புரியாதவற்றை இடைவேளையில், சூடான உருளைக்கிழங்கு வடையை உண்டவாறு கேட்டுத் தெளிவார். தாம் தெளிந்ததைத் தாத்தாவிற்கும் கூறுவார். தமிழில் ‘நாடகம்’ எனப்படுவது மராத்தியில் ‘நாடக்’ எனப்படுவதை அறிந்தபோது, “இம்மொழி நமக்கு முற்றிலும் அயலானது அன்று” என்று தாத்தாவே வியந்தார்.

காவேரி என்னும் பெயர்

ஒருமுறை ‘நடசம்ராட்’ என்னும் நாடகத்தைக் காணச் சென்றனர். ‘நடிகர்களின் பேரரசன்’ என்பது அதன் பொருள். ஞானபீட விருது பெற்ற மராத்தி எழுத்தாளர் குசுமாக்ரஜ் எழுதிய அந்நாடகம் 1970இல் முதன்முதலாக மேடையேறியது. புகழ்பெற்ற நடிகர் ஒருவர் முதுமையில் தம் உடைமைகளை மகனுக்கும் மகளுக்கும் பகிர்ந்தளித்து விடுகிறார். பின்னர் இரு வீடுகளிலும் மதிப்பிழந்து, மனைவியோடு வெளியேறுகிறார். அம்மனைவியின் பெயர் காவேரி. கணவர் அவரைச் செல்லமாகச் ‘சர்க்கார்’ என்று அழைப்பார். வீடற்ற நிலையில் காவேரி இறந்துபோக, முதியவர் தெருவோரத்தில் தனித்து நிற்கிறார்.

வசனங்களில் பாதிகூட ஆச்சிக்குப் புரியவில்லை. ஆயினும் மேடையில் ‘காவேரி’ என்னும் பெயர் ஒலித்தபோது அவர் நிமிர்ந்து அமர்ந்தார். தம் நாட்டு ஆற்றின் பெயரைத் தாங்கிய அப்பெண் உயிர்நீத்தபோது அவர் கண்கள் கலங்கின. அருகில் அமர்ந்திருந்த மராத்திய மூதாட்டியும் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். விளக்குகள் எரிந்ததும் அம்மூதாட்டி ஆச்சியின் கையைப் பற்றி மெல்ல அழுத்திவிட்டு எழுந்து சென்றார்.

அன்றிரவு தாத்தா செலவு ஏட்டைத் திறந்தார். விடுபட்டிருந்த வரியை மீண்டும் எழுதினார். இம்முறை ‘கச்சேரி’ என்று எழுதவில்லை. ‘கலை’ என்று எழுதினார்.

மூடிய கதவு

அவர்களின் மாலைப்பயணங்கள் மேலும் விரிந்தன. ஜுஹுவில் உள்ள பிருத்வி அரங்கத்திற்கு இந்தி நாடகங்களைக் காணச் சென்றனர். நடிகர் பிருத்விராஜ் கபூர் 1944இல் தொடங்கிய நாடகக் குழு ஊர் ஊராகச் சென்று நடித்தது. அதற்கு நிலையான அரங்கம் வேண்டும் என்பது அவரது கனவு. அவர் மறைந்த பின், அவருடைய மகன் சசி கபூரும் மருமகள் ஜெனிஃபரும் 1978இல் அக்கனவை நனவாக்கினர். ஏறத்தாழ 200 இருக்கைகளே கொண்ட சிறிய அரங்கம் அது. மேடையின் மூன்று பக்கங்களிலும் பார்வையாளர் அமர்வதால், நடிகரின் மூச்சொலியும் செவியில் விழும்.

மழைக்காலத்து மாலை ஒன்றில் புறநகர்த் தொடர்வண்டி தாமதமாயிற்று. அவர்கள் அரங்கை அடைந்தபோது மூன்றாம் மணி ஒலித்து, கதவு மூடப்பட்டிருந்தது. நாடகம் தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடுவதில்லை என்பது அவ்வரங்கின் நெறி. ஆச்சிக்கு வருத்தம். தாத்தாவோ, “உள்ளே இருநூறு பேர் ஒரே மனத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் இருவருக்காக அதைக் கலைக்கலாமா?” என்றார். முற்றத்தில் அமர்ந்து தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினர். அதன்பின் எந்நிகழ்ச்சிக்கும் ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்படுவதை வழக்கமாக்கிக் கொண்டனர்.

மீண்டும் திறந்த கதவு

1998இல் சண்முகானந்தா அரங்கம் புதுப்பொலிவோடு திறக்கப்பட்டது. தாத்தா இம்முறை மூன்று நுழைவுச்சீட்டுகள் வாங்கினார். மூன்றாவது, அடுத்த வீட்டு மராத்தியப் பெண்மணிக்கு. கச்சேரி முடிந்து வெளியே வந்ததும், “எல்லாரும் ஏன் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார்கள்?” என்று அவர் கேட்டார். ஆச்சி அவர் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக எண்ணச் செய்து, ஆதி தாளத்தைப் போட்டுக் காட்டினார். தாதரில் கற்றவர் இப்போது கற்பிப்பவர் ஆனார்.

மறு ஆண்டு, அதாவது 1999இல், தென்மும்பையில் ‘காலா கோடா’ கலைவிழா தொடங்கியது. ‘கருங்குதிரை’ என்பது அப்பெயரின் பொருள். முன்பு அங்கிருந்த குதிரைமீதமர்ந்த மன்னர் சிலையால் வந்த பெயர் அது. சிலை 1965இல் அகற்றப்பட்ட பின்னும் பெயர் நிலைத்தது. 2017இல் அங்கு மன்னர் இல்லாத, குதிரை மட்டும் நிற்கும் புதிய சிலை வைக்கப்பட்டது. ஒன்பது நாள் நடைபெறும் அவ்விழாவில் தெருவே அரங்கமாகும். இசை, நடனம், தெருக்கூடல் நாடகம், ஓவியம் ஆகியவற்றைக் கட்டணமின்றிக் காணலாம். விழா நடைபெறும் மாதத்தில் தாத்தாவின் ஏட்டில் ‘கலை’ வரிக்கு நேரே தொடர்வண்டிக் கட்டணம் மட்டுமே இருக்கும்.

பார்வையாளரின் பங்கு

இன்று தாத்தாவின் செவித்திறன் குறைந்துவிட்டது. ஆகவே இருவரும் முன்வரிசையில் அமர்கின்றனர். தாத்தாவின் செவிக்கு எட்டாதவற்றை ஆச்சி இடைவேளையில் எடுத்துரைக்கிறார். மராத்தி புரியாத காலத்தில் செய்ததும் அதுவே. “வீட்டிலேயே தொலைக்காட்சி பார்க்கலாமே?” என்று பிள்ளைகள் கேட்டால் தாத்தா சிரிப்பார். “தொலைக்காட்சியில் நடிப்பவர்களுக்கு நான் பார்ப்பது தெரியாதே!” என்பார்.

அவர் கூறுவது உண்மை. பார்ப்போர் இல்லாவிடினும் திரைப்படம் ஓடும், நாடகம் ஓடாது. அரங்கில் எழும் சிரிப்பும் அமைதியும் நடிப்பவரைச் சென்றடைகின்றன. அவற்றிற்கேற்ப நடிப்பும் மாறுகிறது. எனவே நுழைவுச்சீட்டு வாங்கி, உரிய நேரத்தில் வந்து, அமைதியாக அமர்ந்து காண்பவரும் அக்கலைக்குத் துணை நிற்பவரே. தம் மொழிக் கலையை விடாமல் போற்றியபடியே, வாழும் ஊரின் கலையையும் தேடிச் சென்றதால் தாத்தாவிற்கும் ஆச்சிக்கும் ஊர் ஒன்று இரண்டாயிற்று.

தெரிந்து தெளிவோம்

விஷ்ணுதாஸ் பாவே 1843ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் சாங்லியில் ‘சீதா சுயம்வரம்’ நாடகத்தை அரங்கேற்றினார். அந்நாள் மராத்தி நாடக நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கும் முன்னரே, 1684 முதல் 1712 வரை தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் சாகசி, மராத்தியிலும் தெலுங்கிலும் நாடகங்களை இயற்றினார். அக்காலத் தஞ்சை மராத்தி நாடகச் சுவடிகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. தமிழ் மண்ணிலும் மராத்தி நாடகம் வளர்ந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

சொல்லும் பொருளும்

இணையர் – கணவனும் மனைவியும்
தீக்கிரை – தீயால் அழிதல்
பணிமனை – தொழிற்கூடம்
உயிர்நீத்தல் – இறத்தல்
நெறி – ஒழுங்குமுறை
அயல் – வேறு, பிற

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. சண்முகானந்தா அரங்கம் மீண்டும் திறக்கப்பட்ட ஆண்டு ______.
(அ) 1963 (ஆ) 1990 (இ) 1998 (ஈ) 1999
2. ‘அவ்வரங்கம்’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது ______.
(அ) அவ் + வரங்கம் (ஆ) அ + அரங்கம் (இ) அவ்வ + ரங்கம் (ஈ) அவ + அரங்கம்

ஆ. குறுவினா
1. மூன்று மணிகளும் எவற்றை அறிவிக்கின்றன?
2. ‘காலா கோடா’ என்னும் பெயர் எவ்வாறு வந்தது?

இ. சிறுவினா
1. மராத்தி நாடகத்தைப் புரிந்துகொள்ள ஆச்சி மேற்கொண்ட முயற்சிகளை எழுதுக.
2. தாத்தா ‘கச்சேரி’ என்பதைக் ‘கலை’ என மாற்றி எழுதியது ஏன்?

ஈ. சிந்தனை வினா
‘ஊர் ஒன்று இரண்டாயிற்று’ என்னும் தொடர் உணர்த்துவது யாது? உம் குடும்பத்தோடு ஒப்பிட்டு எழுதுக.

கற்பவை கற்றபின்

1. தில்லியின் மண்டி ஹவுஸ் பகுதி, பெங்களூருவின் ரங்க சங்கரா போன்று நீங்கள் வாழும் ஊரில் உள்ள நாடக அரங்கம் ஒன்றின் பெயரை அறிந்து, அங்கு எம்மொழி நாடகங்கள் நடைபெறுகின்றன என்பதைக் கேட்டு எழுதுக.
2. தமிழிலும் உங்கள் ஊர் மொழியிலும் ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலிக்கும் ஐந்து சொற்களைத் தொகுக்க.
3. வீட்டுப் பெரியவர்கள் இளமையில் கண்ட நாடகம் அல்லது கூத்து ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து வகுப்பில் கூறுக.